அலமாரிக் கதவில் சிரிக்கும் முகம்

ஓய்வு பெற்றவர்களை ஆலைக்குள் அழைத்து உபசரிக்கும் நாள் வருடத்துக்கு ஒன்றுதான்: ஆயுத பூஜை. அன்று மட்டும் வாயிற்காவலர்கள் எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்கள். கையில் பொரிப் பொட்டலமும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் கொடுத்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பார்கள். மற்றவர்கள் தாங்கள் ஓட்டிய லேத்தையும் பிரஸ்ஸையும் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். நான் தொட்டுப் பார்க்கக்கூடியது மாடிப்படிக்குக் கீழே, ஏசி ஓடும் ஒரு சின்ன அறையில் நின்ற சாம்பல் நிற அலமாரி. அதற்குள் ஆலையின் பழைய வெப் சர்வர் இருந்தது.

அலமாரிக்குச் சந்தனம் தெளித்திருந்தார்கள். குங்குமம் வைத்திருந்தார்கள். கதவில் 'பொறுப்பாளர்' என்ற பட்டைக்குக் கீழே ஒரு படம் ஒட்டியிருந்தது. அது என் படம் இல்லை.

எங்கள் ஆலையில் ஜப்பான்காரர்கள் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போன பழக்கம் அது. எந்தப் பொருளானாலும் அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அவர் படமும் போன் நம்பரும் அந்தப் பொருளின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். பெரிய பிரஸ்ஸுக்கும் உண்டு, துடைப்பம் மாட்டும் ஆணிக்கும் உண்டு. அந்த அலமாரியில் வருடக்கணக்காக என் படம் இருந்தது. விதிப்படி எடுத்த படம்: வெள்ளைப் பின்னணி, நேர்ப்பார்வை, சிரிப்பு கிடையாது. இப்போது அங்கே இருந்தது ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டிய ஒரு முகம். பக்கத்தில் யாருடைய தோளோ பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் வாய் நிறையச் சிரித்தது. தெளித்த சந்தனத்தில் ஒரு துளி சரியாக நெற்றியில் விழுந்திருந்ததால், சாமி படத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

படத்தில் இருந்தவரை இங்கே விருதுநகர்க்காரர் என்று சொல்கிறேன். ஆலையிலும் பாதிப்பேர் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அவரும் கணினிப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் கிருஷ்ணகிரிக்காரன், எம்.எஸ்ஸி. படித்தவன். அவர் டிப்ளமோ. படிப்பைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை, அதுதான் குறை.

அலமாரிக்குள் இருந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வெப் சர்வர் தானாக ஒன்றும் செய்யாது. கேட்ட பக்கத்தை எடுத்து நீட்டும், அவ்வளவுதான். பக்கங்களை எழுதும் மென்பொருளில் உட்கார்ந்தபடியே அவற்றை சர்வரில் பிரசுரிக்க வேண்டுமானால், சர்வரில் எக்ஸ்டென்ஷன் என்ற துணை மென்பொருளைப் பொருத்த வேண்டும். தர ஆய்வு, பராமரிப்பு, கேன்டீன் என்று எங்கள் ஆலையில் பிரிவுக்கு ஒரு தளம். ஒவ்வொரு தளத்துக்கும் தனியாகப் பொருத்த வேண்டும். யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று அது காவல் காக்கும். எந்தப் பக்கம் எதோடு இணைந்திருக்கிறது என்று ஒரு மறைவான ஃபோல்டரில் தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். பக்கங்களின் இடது ஓரத்தில் வரும் பட்டியலை அந்தக் கணக்கைப் பார்த்து அதுவே எழுதும்.

இதை நிர்வகிக்க இரண்டு வழிகள். ஒன்று, பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம். பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்து மவுஸால் சொடுக்கிக்கொண்டே போகலாம். இன்னொன்று கறுப்புத் திரை, கமாண்ட் லைன். என்ன செய்ய வேண்டும், எந்தத் தளத்தில், எந்த போர்ட்டில், யார் பெயரில் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். ஒரு கோடு விட்டுப்போனால் வேலை நடக்காது. ஒரு சொல் கூடினால் வேறு வேலை நடந்துவிடும். 'அன்இன்ஸ்டால்' என்றால் எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு, அந்த மறைவான கணக்கை விட்டுவைக்கும். முன்னால் 'ஃபுல்' சேர்த்தால் கணக்கையும் துடைத்துவிடும். இதற்கான உதவிப் பக்கங்களை முதலிலிருந்து கடைசி வரை படித்தவன் இந்தத் தமிழ்நாடு, கர்நாடக எல்லையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

விருதுநகர்க்காரர் எதையும் படிக்கவில்லை. கறுப்புத் திரையும் இல்லை, நிர்வாகப் பக்கமும் இல்லை. சர்வரின் ஃபோல்டரை மவுஸால் திறப்பார். கோப்பை இழுத்து உள்ளே போடுவார். முடிந்தது என்பார். கேன்டீன் மேற்பார்வையாளர் வந்து இன்றைக்குச் சாம்பார் இல்லை, காரக்குழம்பு என்று சொன்னால், வந்தவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஆலை முழுக்கத் திரையில் காரக்குழம்பு வந்துவிடும். அதே ஆள் என்னிடம் வந்தால், முதலில் உங்களுக்கு எழுதும் உரிமை இருக்கிறதா பார்க்கிறேன் என்று ஆரம்பிப்பேன். அதனால் என்னிடம் வரவில்லை.

அப்படி இழுத்துப் போட்ட கோப்பு எக்ஸ்டென்ஷனுக்குத் தெரியாது. அதன் கணக்கில் பழைய பக்கம்தான் இருக்கும். காலையில் முதல் ஆளாக வந்து, கறுப்புத் திரையில் 'செக்' கொடுத்து, எது கணக்கில் இல்லை என்று பார்த்து, முறையாகச் சேர்த்து, 'ரீகால்க்' கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வைப்பது என் வேலை. யாரும் சொன்ன வேலை இல்லை. சர்வர் ஏன் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை என்று யாரும் யோசிக்கவும் இல்லை. மதியம் கேன்டீனில் அவர் தட்டில் மட்டும் இரண்டாவது முட்டை இருக்கும்.

மொழி விஷயமும் இப்படித்தான். ஓசூருக்கு வந்த புதிதில் நான் கன்னடம் எழுதப் படிக்க முறையாகக் கற்றுக்கொண்டேன். வேற்றுமை உருபுகள்கூடத் தெரியும். தப்பாகப் பேசிவிடக் கூடாது என்பதால் பேசுவதில்லை. அவர் காவலரிடம் கன்னடம், பேக்கிங் பெண்களிடம் தெலுங்கு என்று எல்லாவற்றையும் விருதுநகர் ராகத்தில் தப்பும் தவறுமாகப் பேசுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வரும் லாரி ஓட்டுநர்கள்கூட அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்று நம்பினார்கள்.

ஒரே வருடத்தில் இருவரும் ஓய்வு பெற்றோம். எனக்குச் சால்வையும் சுவர்க் கடிகாரமும். அவருக்குச் சால்வையும் சுவர்க் கடிகாரமும், இரண்டு வருட ஒப்பந்த வேலையும். ஆட்களோடு நன்றாகப் பழகக்கூடியவர் என்று காரணம் சொன்னார்கள். என் படத்தைக் கிழித்துவிட்டு அவர் படத்தை ஒட்டியது அப்போதுதான். அந்த ஒப்பந்தமும் முடிந்து அவரும் வீட்டுக்கு வந்தாயிற்று. படத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சிரிக்கிற படத்தை எடுக்க மனசு வராது போலிருக்கிறது.

பூஜை முடிந்து மழைக்காலமும் போய்க் குளிர் இறங்கியிருந்த ஒரு காலையில், உழவர் சந்தையில் அவரைப் பார்த்தேன். குல்லாயும் மஃப்ளருமாக முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதே படத்துச் சிரிப்பு.

"அண்ணாச்சி, ஒங்களத்தான் நெனச்சேன். நம்ம பழைய பெட்டி இருக்குல்ல, அதுல என்னத்தையோ கழட்டணுமாம். கம்பெனியில என்னையக் கூப்புட்டிருக்காக."

எதைக் கழற்ற வேண்டும் என்று கேட்டேன். அதுதான் தெரியவில்லை, போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். போகிற போக்கில் சொன்னதிலிருந்து நானே கோத்து எடுத்தேன். ஆலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பெங்களூர் நிறுவனம் ஒன்று சோதனை போட்டிருக்கிறது. இந்தக் காலத்தில் யாரும் இந்த எக்ஸ்டென்ஷனை வைத்துக்கொண்டிருப்பதில்லை, ஆபத்து. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கழற்றாவிட்டால் சர்வரின் இணைப்பையே பிடுங்கிவிடுவோம் என்று அலமாரியில் சிவப்பு அட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இணைப்பைப் பிடுங்கினால் மற்றப் பிரிவுகளுக்கு நஷ்டம் இல்லை. கேன்டீன் வாசல் டிவி ஒன்றைத் தவிர அவர்கள் எல்லோரும் புதிய சர்வருக்குப் போய்விட்டார்கள். தர ஆய்வுப் பிரிவுக்கு மட்டும் கழுத்தில் கத்தி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், ஒரு பிரேக் லீவர் அளவு தப்பு என்று ஒரு சரக்கையே திருப்பி அனுப்பியிருந்தார். அளவை மாற்றச் சொன்னதே அந்த வாடிக்கையாளர்தான், அதற்கான மாற்றக் குறிப்பு அந்தப் பழைய சர்வரின் பக்கங்களில்தான் இருக்கிறது. அவர் தரப்பிலிருந்து திங்கட்கிழமை தணிக்கைக்கு வருகிறவர்களிடம் அதைத் திறந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தப்பு தர ஆய்வுப் பிரிவின் தலையில், அதாவது அதன் பொறுப்பாளரான ஒரு அம்மாவின் தலையில். ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர், சாதாரணப் பயிற்சியாளராக உள்ளே வந்து மேலே போனவர். எக்ஸ்டென்ஷன் போக வேண்டும், பக்கங்கள் இருக்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று அவர் அலமாரியைப் பார்த்திருக்கிறார். கதவில் முகம் இருந்தது, முகத்துக்குக் கீழே நம்பர் இருந்தது. கூப்பிட்டுவிட்டார்.

நான் முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் கல்லாவிக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"கூப்புட்டது ஒங்களயா, அவரயா?"

"அவரத்தான்."

"அப்ப எதுக்குங்க சட்ட தேய்க்கறீங்க?"

காரணம் இருந்தது. விருதுநகர்க்காரர் என்ன செய்வார் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். கோப்பை உள்ளே இழுத்துப் போடுவதற்குப் பாஸ்வேர்டு வேண்டாம். எக்ஸ்டென்ஷனைக் கழற்ற நிர்வாகப் பக்கத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் அது நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்கும். அந்த நிர்வாகி நான். என் பெயரில்தான் ஒவ்வொரு தளத்திலும் பொருத்தினேன். நான் ஓய்வு பெற்ற அன்றே என் லாகின் கணக்கை மூடிவிட்டார்கள், அதனால் அந்தப் பாஸ்வேர்டை இனி நானே கொடுத்தாலும் அது திறக்காது. ஆனால் சர்வரின் முன்னால் உட்கார்ந்து கறுப்புத் திரையில் எழுதினால் அது யாரையும் எதுவும் கேட்காது. பெட்டிக்கு எதிரில் உட்காரும் உரிமை உள்ளவன் என்ன சொன்னாலும் செய்யும். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அஞ்செட்டி பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி, வரும் என்ற நம்பிக்கையோடும் எப்போது என்ற விவரம் இல்லாமலும் போனுக்காகக் காத்திருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் வந்தது.

"அண்ணாச்சி, ஒரு பக்கம் தொறக்குது. ஒங்க பேரப் போட்டு பாஸ்வேர்டு கேக்குது. சொல்லுங்க, அடிச்சுப் பாக்கேன்."

"போன்ல பாஸ்வேர்டு சொல்றது முறையில்லீங்களே."

சரி அண்ணாச்சி என்றார். பிறகு அந்த அம்மாவிடம் போனைக் கொடுத்தார். அந்த லாகின் செத்துப்போன லாகின், எழுத வேண்டியது இரண்டே வரி, இப்போதே சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். காரை அனுப்பினால் வந்து பார்க்கிறேன் என்றேன்.

வந்த ஓட்டுநர் பாகலூர் ரோடு முழுக்கக் கன்னடத்தில் யாரிடமோ போன் பேசிக்கொண்டு வந்தார். அவர் போட்ட சண்டையின் விவரம் முழுக்க எனக்குப் புரிந்தது, வாய் திறக்கவில்லை. வாயிலில் என் கழுத்தில் 'பார்வையாளர்' அட்டையை மாட்டினார்கள். எத்தனையோ வருடம் நான் ஊழியர் அட்டையோடு நுழைந்த வாசல். விருதுநகர்க்காரரும் அதே அட்டையைத்தான் மாட்டியிருந்தார். ஆனால் கேன்டீனிலிருந்து டீ வந்தபோது கொண்டுவந்தவர் அவரிடம்தான் நலம் விசாரித்தார். சர்க்கரை எப்படி இருக்கிறது, பேத்தி பேசுகிறாளா என்று. என்னிடம், சார் உங்களுக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார். அவருக்குப் போடக் கூடாது என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.

அறையில் மூன்று பேர்: அந்த அம்மா, அவர், நான். கதவில் இன்னொரு அவர். சிரித்துக்கொண்டே எங்கள் மூவரையும் பார்த்தார்.

"சார், கறுப்பு ஸ்கிரீன்ல டைப் பண்றவரு நீங்கதானுங்களா? சாரு சொன்னாரு," என்றார் அந்த அம்மா. "எனக்கு ஒண்ணுதானுங்க. அந்த லீவர் பக்கம் மண்டே தொறக்கணும்."

உட்கார்ந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது, அதை விடுவதாக இல்லை. தர ஆய்வுத் தளம் முழுவதையும் முதலில் வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தேன். பிறகு கறுப்புத் திரையைத் திறந்தேன். விரல்களுக்கு மறக்கவில்லை. 'செக்' என்று எழுதி, போர்ட் சொல்லி, தளம் சொல்லி, என்டர் அடித்தேன். வரி வரியாக ஓடியது, நின்று படிக்க எனக்குத் தோன்றவில்லை. பின்னால் அவர் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அந்த அமைதிக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது 'ரீகால்க்'. கழற்றும் முன் ஒருமுறை எல்லா இணைப்புகளையும் மறுபடி கணக்கிட வைக்க வேண்டும், கழற்றிய பிறகு அதைச் செய்ய வழியில்லை. எந்த உதவிப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரிந்த விதி. அதை அவர்களுக்கு விளக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே விளக்கினேன். என்டர் அடித்தேன். முடிந்ததும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

அவர் தன் மடிக்கணினியில் தளத்தைத் திறந்தார். இடது ஓரப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார்.

"சார், லீவரக் காணோம். கடைசி ரெண்டு வருசத்துப் பார்ட் எதுவுமே லிஸ்ட்ல இல்லீங்க. காலைல இருந்துச்சு."

எனக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. கடைசி இரண்டு வருடம் என்பது நான் போன பிறகு அவர் ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு வருடம். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அந்த லிஸ்ட நான் நோட்பேடுல தொறந்து கையாலதான் எழுதிப் போட்டேன் அண்ணாச்சி. புதுப் பார்ட் வர வர ஒவ்வொரு வரியாச் சேத்தேன். நல்லாத்தான ஓடுச்சு."

நல்லாத்தான் ஓடியிருக்கும். அந்த இடம் எக்ஸ்டென்ஷன் தானே எழுதும் இடம். அங்கே மனிதன் எழுதியது, யாரும் மறுகணக்குப் போடச் சொல்லாத வரைக்கும் அப்படியே இருக்கும். இரண்டு வருடமாக யாரும் சொல்லவில்லை. நான் வந்து சொன்னேன். அது தன் பழைய கணக்கைப் பார்த்து, நான் விட்டுப்போன அன்று ஆலை எப்படி இருந்ததோ அப்படியே பட்டியலை எழுதிவிட்டது. விருதுநகர்க்காரர் இருந்த இரண்டு வருடம் அந்த ஆலையில் நடக்கவே இல்லை. இப்படி ஒன்றை நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டது உண்டு. வேண்டியது கையில் வந்தபோது கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பக்கங்கள் அழியவில்லை, பட்டியலில் வராதது மட்டும்தான் என்று சொன்னேன். ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம். முறையாகப் பெயர் வைப்பது அவருக்குப் பழக்கமில்லை. புதுசு, புதுசு இரண்டு, புதுசு கடைசி, கடைசியிலும் கடைசி என்று நீளத்துக்கு ஓடியது. அதில் எது லீவர் என்று பட்டியல் இல்லாமல் எழுதியவருக்கே தெரியாது.

"கையில எழுதினதுதாங்க தப்பு. அந்த எடத்துல எழுதக் கூடாது," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"தப்பு சரியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க சார். எனக்கு லிஸ்ட் வேணும்." அந்த அம்மா சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

விருதுநகர்க்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தார். ஆரம்பத்தில் ஒரு காப்பி எடுத்தீர்களே, அதில் பழைய பட்டியல் இருக்கும் அல்லவா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அதை இழுத்து இதில் போட்டுவிடலாமா என்றார். போட்டால் எக்ஸ்டென்ஷன் மறுபடி எப்போதாவது அழித்துவிடும் என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். எந்த எக்ஸ்டென்ஷன்? அதைக் கழற்றத்தானே வந்திருக்கிறேன். கழற்றிய பிறகு கணக்கு கிடையாது, காவல் கிடையாது, மறுகணக்கு கிடையாது. சர்வர் கேட்ட பக்கத்தை எடுத்து நீட்டும் வெறும் பெட்டி. அதில் பக்கம் ஏற்ற ஒரே முறை, ஃபோல்டரைத் திறந்து கோப்பை இழுத்துப் போடுவது. அவர் தன் வேலைக்காலம் முழுக்கத் தப்பாகச் செய்தது, நான் ஒரு வரி எழுதி என்டர் அடித்ததும் சரியாகப் போகிறது.

'அன்இன்ஸ்டால்' எழுதினேன். முன்னால் 'ஃபுல்' சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இனி யாருக்கும் நஷ்டமில்லை, ஆனாலும் நான் வைத்த கணக்கு எங்கேயாவது ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று தோன்றியது. தளம் தளமாகக் கழன்றது. எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, நகலைத் திறந்து, எல்லாவற்றையும் அள்ளி ஒரே இழுப்பாக இழுத்து உள்ளே போட்டார்.

"முடிஞ்சது," என்றார்.

அந்த அம்மா பட்டியலை நகர்த்தினார். லீவரைச் சொடுக்கினார். வாடிக்கையாளர் அனுப்பிய மாற்றக் கோரிக்கையும் அதன் கீழே பழைய அளவும் புதிய அளவும் திரையில் வந்தன. அவர் நாற்காலியில் சாய்ந்து, நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து விருதுநகர்க்காரரிடம் போய்ச் சொன்னார்: "சரியான ஆளக் கூட்டிட்டு வந்தீங்க சார். நீங்க இல்லன்னா எனக்கு இவரத் தெரிஞ்சிருக்காது."

பாராட்டு எனக்குத்தான். கொடுத்தது அவரிடம்.

சிவப்பு அட்டையைக் கழற்றும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பொறுப்பாளர் பட்டை வெயில் படாத அறையிலும் வெளிறிப் போயிருந்ததால் புதிதாக அச்சிட வேண்டும் என்றார் அந்த அம்மா. "யாரு படம் சார் வெக்கட்டும்?"

இந்தக் கேள்வி இப்படி நேருக்கு நேர் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆயுத பூஜையிலிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த விஷயம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணாச்சி படத்த வைங்கம்மா. அவரு வச்ச பெட்டி. நான் சும்மா நடுவுல வந்தவன்."

கணக்குப் பார்க்காமல், கோப்பை இழுத்துப் போடுகிற மாதிரியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்து அது எனக்கு வர வேண்டுமா? வேண்டாம் என்றேன். அவர் படமே இருக்கட்டும், ஆட்களுக்குப் பழகிய முகம் என்றேன். சொல்லி முடித்ததும் வருத்தம் வந்துவிட்டது. இனிமேலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உழவர் சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொல்வார்.

"படம் அவருது இருக்கட்டும். நம்பர் மட்டும் என்னோடதப் போடுங்க," என்றேன்.

அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். விருதுநகர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்லதாப் போச்சு, மத்தியானம் தூங்கலாம் என்றார். என் நம்பரை இரண்டு முறை சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தணிக்கை நடந்தது. தப்பு ஆலையுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டு போனார்கள் என்ற செய்தியும், கூடவே நன்றியும் எனக்குத்தான் முதலில் வந்தன, நம்பர் என்னுடையது ஆயிற்றே. இரண்டு மூன்று நாள் நடையில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது என்று மனைவி சொன்னாள். விருதுநகர்க்காரருக்குத் தகவல் சொல்ல நானே போன் செய்தேன். அப்படிச் சொல்கிற இடத்தில் இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

மாமரங்கள் பூத்து முடிந்த சமயத்தில், தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. ஆலையில் புதிதாகச் சேர்ந்த பெண். கேன்டீன் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்களாம். கேன்டீன் வாசல் டிவியில் ஓடும் பக்கம் இன்னும் பழைய பெட்டியிலிருந்துதான் வருகிறது, அதில் ஒரு வரி மாற்ற வேண்டும், யாரைக் கேட்டாலும் அலமாரியைக் காட்டுகிறார்கள் என்றாள்.

"ஒங்க படத்தப் பாத்துக்கிட்டேதான் சார் பேசறேன். கேக்கலாமா வேண்டாமான்னு பயமா இருந்துச்சுங்க. அப்பறம் மொகத்தப் பாத்தேன். சாரு கோவப்பட மாட்டாருன்னு தோணுச்சு."

எழுதும் உரிமை இருக்கிறதா என்று கேட்பதற்காகத் திறந்த வாயை நான் மெதுவாக மூடினேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யாரு என்று கையால் கேட்டாள். அந்தப் படத்தில் இருப்பது நான் இல்லை என்று சொல்வதுதான் முறை.

"சொல்லும்மா. பயப்படாத," என்றேன். "ஃபோல்டரத் தொற. மாத்துன கோப்ப இழுத்து உள்ள போடு. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானுங்களா சார்?"

"இவ்வளவுதான்."

அவள் செய்யும் வரை காத்திருந்தேன். வந்துவிட்டது சார் என்றாள். இன்றைக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தக்காளி சாதமும் முட்டையும் என்றாள். அவர் கேட்டிருப்பார் என்பதால் நானும் கேட்டேன்: சாப்பிட்டாயா என்று.